பிள்ளையார் குடியிருக்கும் வீடு விற்பனைக்கு

ஜூலை 6, ஞாயிறு

காலை ரயிலில் திருச்சி போய் மாலை ரயிலில் கோவை திரும்பியாயிற்று. வீடு விற்கவில்லை.

பார்க்க வந்தவர் மனைவியோடும் மைத்துனரோடும் ஒரு திசைகாட்டியோடும் வந்தார். நான் கேட்டின் பூட்டைத் திறப்பதற்குள் மைத்துனர் வீட்டுக்கு முதுகு காட்டி வாசலில் நின்று, எதிரே நீளும் தெருவை ஒரு பார்வை பார்த்தார். “மாமா, தெருக்குத்து” என்றார். மூவரும் மறுபடி காரில் ஏறிவிட்டார்கள். திசைகாட்டிக்கு வேலையே இல்லை.

மெயின் ரோட்டிலிருந்து கிளம்பும் தெரு நேராக வந்து என் வாசலில் முட்டி இரண்டாகப் பிரிகிறது. அப்படிப்பட்ட வீட்டில் குடியிருந்தால் உருப்பட முடியாது என்று ஊர் நம்புகிறது. ஐந்து வருடத்துக்கு முன், இருபத்தாறு வயதில், அந்த நம்பிக்கையால்தான் வீடு எனக்குக் கட்டுப்படியாகிற விலைக்குக் கிடைத்தது. அப்போது நான் பெரிய பகுத்தறிவாளியாக இருந்தேன். இப்போதும் அப்படித்தான். வாங்க வருகிறவர்கள் அப்படி இல்லை என்பதை மட்டும் அன்று யோசிக்கவில்லை. நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனி திருச்சிக் கிளையை மூடி எங்களைக் கோவைக்கு மாற்றும் என்றும் யோசிக்கவில்லை.

தஞ்சாவூரில் அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு ரயிலிலிருந்து போன் செய்து சொன்னேன்.

“வாங்குறப்ப என்ன சொன்ன? ‘தெரு எப்படிம்மா குத்தும், அது என்ன கத்தியா?’ன்னு கேட்டியே.”

“கேட்டேன்.”

“குத்திருச்சா?”

டீக்காரர் வந்துவிட்டார் என்று போனை வைத்தேன். சுரங்கம் எதுவும் இல்லாத பாதையில் சிக்னல் போனதாகச் சொல்வது கஷ்டம்.

நேற்று நடந்ததை இங்கே எழுதாமல் இருந்தேன். எழுதினால் உண்மையாகிவிடும் போலிருந்தது. கிணத்துக்கடவு பக்கம் ஒரு பெண்கள் பாலிடெக்னிக்கில் ஜூன் முதல் சனிக்கிழமைகளில் போய் பம்புகள் பற்றி வகுப்பெடுக்கிறேன். கம்பெனியே அனுப்புகிறது. பாடமெடுத்த ஆசிரியை பிரசவ விடுப்பில் போனார், திரும்பி வரவில்லை. நேற்று முதல்வர் திலகவதி மேடம் என்னை நிறுத்தி, “முழு நேரமா இங்கேயே வந்துடறீங்களா? ஆகஸ்ட் இருபத்தஞ்சுக்குள்ள சொல்லுங்க. அதுக்கு மேல நான் வேற ஆள் போட்டாகணும்” என்றார்.

சம்பளம் இப்போது வாங்குவதில் பாதியை விடக் கொஞ்சம் அதிகம். அதில் நான் சாப்பிடலாம், புத்தகம் வாங்கலாம், வாடகை கொடுக்கலாம். திருச்சி வீட்டின் கடன் தவணையை மட்டும் கட்ட முடியாது. ஆக, கணக்கு எளிது: வீடு போனால் வேலை மாறலாம், போகாவிட்டால் இல்லை.

ஜூலை 9, புதன்

கம்பெனியில் பம்புகளை ஓட்டிச் சோதிக்கும் மேடையான டெஸ்ட் பெட்டில் இன்று பதினெட்டு பம்புகள். பதினெட்டும் தேறின. பதினெட்டு அறிக்கைகள் எழுதினேன். எண்களை மாற்றினால் எல்லாம் ஒரே அறிக்கை.

ஜூலை 12, சனி

வகுப்பு. களைப்பு. ஒரு வரி எழுதிவிட்டுப் படுக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

பம்ப் தண்ணீரை உறிஞ்சுவதில்லை என்று இன்று சொன்னேன். உள்ளே காற்றை வெளியேற்றிவிட்டுச் சும்மா இருக்கிறது, வெளியே இருக்கிற காற்றுதான் கிணற்றுத் தண்ணீரை அழுத்தி மேலே தள்ளுகிறது. ஆகவே சுமார் முப்பது அடிக்கு மேல் எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தாலும் தண்ணீர் ஏறாது, காற்றின் பலம் அவ்வளவுதான்.

இரண்டாம் வரிசையில் கோகிலவாணி என்று ஒரு பெண். எழுந்து நின்றாள்.

“மிஸ், எங்க தோட்டத்துக் கெணறு நூறடிங். தாத்தா மேட்டுல மோட்டார் வெச்சாருங். வரல. அதைவிடப் பெருசு வெச்சாருங். அதுவும் வரல.”

“அப்புறம்?”

“ரெண்டும் எரிஞ்சு போச்சுங். மூணாவது வாங்கறதுக்குள்ள தாத்தாவுக்கு வயசாயிருச்சுங்.”

வகுப்பு சிரித்து முடிக்க ஐந்து நிமிடமானது. அவள் சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். போய்ப் பார்த்தேன். நூறடிக் கிணறு, அடியில் தண்ணீர், தண்ணீருக்கு மேல் முப்பதடியில் ஒரு கோடு, அதன் கீழே மோட்டாரை இறக்கி வைத்திருந்தாள். நான் இன்னும் அந்தப் பாடத்துக்கு வரவே இல்லை.

அடுத்த வாரத்துக்கு ஒரு கண்ணாடி ஜாடி, இரண்டு மீட்டர் தெளிவான டியூப், சிவப்புச் சாயம் வாங்க வேண்டும். ரப்பர் அடைப்பானும்.

ஒரு வரி என்று சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

திருச்சி. தரகர் கலியமூர்த்தி சொன்ன பரிகாரத்துக்கு நான் ஒப்புக்கொண்டதை இந்த நோட்டில் மட்டும் பதிவு செய்கிறேன்.

“மேடம், உங்க கொள்கை உங்களோட இருக்கட்டும். தெரு வந்து முட்டுற இடத்துல, மதில் சுவர்ல ஒரு மாடம் எடுத்து, சின்னதா ஒரு பிள்ளையார் வச்சிருவோம். தெருவோட பார்வையை அவரு வாங்கிக்குவாரு. பார்ட்டி கேட்டா ‘பரிகாரம் ஆயிருச்சு’ன்னு நான் சொல்லுவேன். நீங்க வாயைத் தொறக்க வேணாம்.”

“நான் எப்போ வாயைத் திறந்தேன்?”

“போன மாசம் அந்த வாத்தியார் பார்ட்டி வந்தப்போ, மேற்குச் சுவரு ஐப்பசியில ஈரம் கசிஞ்சு ஓதம் அடிக்கும்னு சொன்னது யாரு?”

“அவர் கேட்டார்.”

“அவரு கேட்டது பாத்ரூம் எங்க இருக்குன்னு.”

ஒன்றரை அடிப் பிள்ளையார். கொத்தனார் கச்சிதமாக மாடம் கட்டினார். பிள்ளையார் பார்க்க அழகாகவே இருக்கிறார். நான் வந்ததையோ என் கொள்கைகளையோ அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. கலியமூர்த்தியின் குறுஞ்செய்தி: “ஆடியில் யாரும் வீடு பார்க்க மாட்டார்கள் மேடம். ஆவணி வரை ரெஸ்ட் எடுங்கள்.” ஆவணி ஒன்றாம் தேதிக்கும் ஆகஸ்ட் இருபத்தைந்துக்கும் இடையில் எட்டே நாள்.

வினோதமாக, மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

வீட்டைப் பெருக்கி வைக்கலாம் என்று போனேன். வாசலில் செருப்புகள். பன்னிரண்டு ஜோடி.

எதிர்த் தெரு ராஜாமணி அக்கா தலைமையில் பெண்கள் என் மதில் சுவர் முன்னால் நின்ற இடத்திலேயே தங்களைத் தாங்களே சுற்றிக்கொண்டிருந்தார்கள். மாடத்துக்கு மேலே தகரக் கூரை போட்டாயிற்று. மணி கட்டியாயிற்று. பிள்ளையாருக்குப் பட்டு வேட்டி. கூரையின் மேல் சிவப்புப் பெயிண்டில் ‘அருள்மிகு தெருமுனை விநாயகர்’ என்று எழுதியிருந்தது.

“வாம்மா மங்கை!” என்று ராஜாமணி அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். அங்கே நான் குடியிருந்த மூன்றரை வருடத்தில் அவர் என்னிடம் பேசியது மொத்தம் நான்கு வாக்கியங்கள். “நீ படிச்ச பொண்ணு, யார்கிட்டயும் பேச மாட்ட, சாமியெல்லாம் கும்பிட மாட்டன்னு நெனச்சோம். இப்படி ஒரு காரியம் பண்ணிருக்கியே! வச்ச ஒம்பதாம் நாளு என் மருமவளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கு.”

“அக்கா, அதற்கும் இதற்கும்...”

“சுண்டல் எடுத்துக்க.”

எடுத்துக்கொண்டேன். நல்ல சுண்டல். தேங்காய் தாராளம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆடியைப் பொருட்படுத்தாத ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். வாஸ்து எல்லாம் கிடையாது, விலை சரியென்றால் உடனே முடித்துவிடலாம் என்று போனில் சொல்லியிருந்தார். காலை இட்லியைத் தொடாமல் ரயில் ஏறினேன். மகிழ்ச்சி என்றுதான் நினைக்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்தால் வாசலில் ஒலிபெருக்கி. சித்திரான்னம் ஐந்து வகை. ஒரு பூக்காரம்மா நிரந்தரமாகக் கடை போட்டிருந்தார். அந்த மனிதர் தேங்காய்ச் சிதறலைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்தார். அறைகளைப் பார்த்தார். பிடித்திருந்தது. பிறகு ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்.

“இது தினமுமாங்க?”

“சங்கடஹர சதுர்த்திக்கு இன்னும் கொஞ்சம் கூட்டம் இருக்கும்” என்றேன். கலியமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார்.

“வீடுன்னா வாங்கலாங்க. கோயிலை எப்படி வாங்குறது?” என்று சொல்லிவிட்டு, எலுமிச்சை சாதம் ஒரு தொன்னை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நானும் கலியமூர்த்தியும் படியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம்.

“பிள்ளையாரை வேறு இடத்துக்கு மாற்ற முடியாதா?”

“மெதுவா பேசுங்க மேடம், அந்தக்கா காதுல விழுந்தா நம்ம ரெண்டு பேரையும் மாத்திருவாங்க.” வாயைத் துடைத்துக்கொண்டார். “தெருக்குத்துக்குப் பரிகாரம் உண்டு. பிள்ளையாருக்குப் பரிகாரம் கிடையாது.”

ரயிலில் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. எதிர் இருக்கைக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 9, சனி

திலகவதி மேடம் தாழ்வாரத்தில் மடக்கினார். “என்ன முடிவு பண்ணீங்க?”

வீட்டின் கதையை முழுவதும் சொன்னேன், சுண்டல் உட்பட. அவர் ரசித்துச் சிரித்தார். பிறகு, “வீட்டைப் பத்திச் சொல்லிட்டீங்க. நான் வேலையைப் பத்திக் கேட்டேன்” என்றார்.

மணி அடித்துவிட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தின விடுமுறை. கலியமூர்த்தி அவசரமாக வரச் சொன்னார். போனேன்.

தெருக்கோடியிலிருந்து ஒரு ஸ்கூட்டர் நேராக என் வாசலை நோக்கி வந்தது. வேகம் குறையவே இல்லை. பிள்ளையாருக்கு மூன்றடி முன்னால் பிசிறில்லாமல் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. பெயர் ஆரோக்கியமேரி. பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி நடத்துகிறார். இப்போதைய இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம்.

“ஆடியில் பார்க்க வந்திருக்கிறீர்களே” என்றேன்.

“எங்களுக்கு ஏதும்மா ஆடி? இன்னைக்கு மாதா திருநாளு. பூசை முடிச்சுட்டு நேரா வர்றேன்.”

உள்ளே போகவில்லை. வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். எல்லோரும் முகம் சுளிக்கிற அதே பார்வைக் கோணம். இவர் முகம் மலர்ந்தது.

“மெயின் ரோட்டுல நின்னா இந்த வாசல் தெரியுது. போர்டு வச்சா ஊருக்கே தெரியும். அதோட, ஓட்டக் கத்துக்குறவளுக்கு நேர் ரோடு ஒண்ணு, அதோட முனையில ஒரு சுவரு வேணும். இங்க வந்து பிரேக் புடிக்கலேன்னா வேற எங்க புடிப்பா?”

“பிள்ளையார் இருக்கிறாரே” என்றேன்.

“இருக்கட்டுமே! புது வண்டி எடுத்தவ மொதல்ல எங்க போவா? பிள்ளையாருக்குத் தேங்கா ஒடச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கத்தானே போவா? இனிமே இங்க வருவா. வந்தவ என் போர்டைப் படிச்சுட்டுத்தான் போவா. நான் சம்பளம் குடுத்து வச்சாலும் இப்படி ஒரு மேனேஜர் கெடைப்பாரா?”

இதற்குள் ராஜாமணி அக்கா வந்துவிட்டார். இடுப்பில் கை. ஆரோக்கியமேரியின் கழுத்துச் செயினில் சிலுவையைப் பார்த்தார்.

“அப்ப விளக்கு யாரு ஏத்துவா?”

“நீங்கதான்க்கா. எண்ணெய் நான் வாங்கித் தர்றேன்.”

“மணி அடிப்போம். காலைல ஆறு மணிக்கு.”

“எங்க கோயில்ல அஞ்சரைக்கே அடிச்சிருவாங்க. பழக்கம்தான்.”

ராஜாமணி அக்கா அடுத்த நிபந்தனையைத் தேடினார். ஆரோக்கியமேரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமாக்கா?”

“எனக்கா? இந்த வயசுலயா?”

“உங்களைவிட ஆறு வயசு மூத்தவங்க போன வாரம் லைசென்ஸ் எடுத்தாங்க.”

அக்கா இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

பிறகு வீட்டைச் சுற்றிக் காட்டினேன். மேற்குச் சுவரின் ஓதத்தைச் சொன்னேன். ஆழ்துளைக் கிணற்றில் சித்திரையில் தண்ணீர் குறையும் என்றேன். சமையலறைக் கதவு மழைக்காலத்தில் உப்பி மூடாது என்றேன். மாடிப்படியின் ஏழாவது படி மற்றதைவிட உயரம், தடுக்கும் என்றேன். கலியமூர்த்தி தாங்க முடியாமல் வெளியே போய் நின்றார்.

ஆரோக்கியமேரி ஏழாவது படியில் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏம்மா, நீ வீட்டை விக்க வந்தியா, ஆளை வெரட்ட வந்தியா?”

மாலையே முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதியாயிற்று. பத்திரப் பதிவு ஆவணியில். கலியமூர்த்தி பிள்ளையாருக்கு நூற்றியெட்டுத் தேங்காய் நேர்ந்திருந்தாராம். இப்போது பதினொன்றுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.

அம்மாவுக்குச் சொன்னேன். “அப்ப வேலையை விட்டுருவ, அதானே?” என்றாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்து, “பார்க்கலாம்” என்றேன்.

அந்தப் பெண்மணி படியில் நின்று கேட்ட கேள்வி இன்னும் கூடவே வருகிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

திலகவதி மேடத்துக்கு இன்று போன் செய்யவில்லை. டெஸ்ட் பெட்டில் வேலை அதிகம்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்றும் இல்லை. வேலை அதிகம் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

நேர்மையாக எழுதிவிடுகிறேன், யாரும் படிக்கப் போவதில்லை. வீடு விற்காமல் இருந்த வரை நான் அந்த வேலைக்குப் போகாததற்குக் காரணம் வீடு. அது ஒரு வசதி. டெஸ்ட் பெட்டில் முள் நகர்கிறது, எண் வருகிறது, தேறியதா இல்லையா என்று தெரிந்துவிடுகிறது. எட்டு வருடமாக எந்த எண்ணும் என்னைக் கேள்வி கேட்டதில்லை. நாற்பத்தொரு பெண்கள் முன்னால் எந்த முள்ளும் இல்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் நான் நன்றாகப் பேசுகிறேன். அது திறமையா, சனிக்கிழமை உற்சாகமா? தினமும் போனால் தெரிந்துவிடும். அதற்குத்தான் பயம்.

ஓதம் அடிக்கும் சுவரை ஏன் அத்தனை பேருக்கும் காட்டினேன் என்பது இப்போது புரிகிறது.

ஆகஸ்ட் 23, சனி

நல்ல பம்ப் ஒன்றைக் கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். பணிமனையில் தொட்டி வைத்து, குழாய் மாட்டி, இயக்கிக் காட்டுவதாகத் திட்டம். திலகவதி மேடமும் பார்க்க வந்து பின்னால் நின்றார்.

சுவிட்சைப் போட்டேன். உறுமியது. தண்ணீர் வரவில்லை. நிறுத்தி, தண்ணீர் ஊற்றி நிரப்பி, மறுபடி போட்டேன். வரவில்லை. எட்டு வருடத்தில் பல்லாயிரம் பம்புகளைச் சோதித்தவள் நான். வேர்த்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. சொன்னேன்.

பிறகு நாற்பத்தொரு பேரும் பம்பின் மேல் விழுந்தார்கள்.

“காத்து எங்கியோ புடிக்குதுடி!”

“அடியில வால்வப் பாரு.”

“பார்த்தாச்சு, நல்லாத்தான் இருக்குது.”

கோகிலவாணி கழுவுமிடத்துக்கு ஓடி சோப்பைக் குழைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு இணைப்பாகப் பூசி, பம்பைப் போடச் சொன்னாள். மூன்றாவது இணைப்பில் நுரை குழாய்க்குள் இழுபட்டுக் காணாமல் போனது.

“இங்கீங் மிஸ்! வெளிக்காத்து உள்ள போகுதுங்!”

“யார் சொல்லிக்கொடுத்தது இப்படிப் பார்க்க?”

“நீங்கதானுங், காத்துதான் தள்ளுதுன்னு சொன்னீங்க. அப்ப ஓட்டை இருந்தா தண்ணிக்குப் பதிலா காத்தே வந்துருமில்லீங்?”

நான் அதைச் சொல்லவில்லை. நான் சொன்னதிலிருந்து அவளே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள். இறுக்கிக் கட்டினார்கள். போட்டார்கள். குழாய் முனையை யாரும் பிடிக்கவில்லை என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் முதலில் கூரையை அடித்தது, பிறகு என்னை, பிறகு முதல்வரை. யாரும் நிறுத்த ஓடவில்லை. நானும்தான்.

நனைந்த புடவையோடு பேருந்தில் வந்தேன். ஜன்னல் காற்றில் கிணத்துக்கடவிலேயே பாதி காய்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலை ஒன்பது மணிக்குத் திலகவதி மேடத்துக்குப் போன். “மேடம், நான் வருகிறேன்” என்றேன்.

“வீடு?”

“வேலையைப் பற்றித்தான் சொல்கிறேன்.”

செப்டம்பர் 4, வியாழன்

பத்திரப் பதிவு முடிந்தது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ராஜாமணி அக்கா சாட்சியாக வந்தார். முழங்காலில் பிளாஸ்திரி. அந்தத் தெருவில் ஆரோக்கியமேரியின் முதல் மாணவி அவர்தானாம்.

“சுவத்துல முட்டிட்டீங்களாக்கா?” என்று கலியமூர்த்தி கேட்டார்.

“சுவத்துல இல்ல. பூக்காரம்மா மேல.”

அக்டோபர் 6, திங்கள்

முதல் நாள். எனக்கென்று ஒரு மேசை, ஒரு பீரோ, ஒரு வருகைப் பதிவேடு.

பெயர்களை வாசித்தேன். கோகிலவாணி எழுந்தாள்.

“மிஸ், இனி எல்லா நாளும் வருவீங்ளா?”

“எல்லா நாளும்.”

“அப்பாடா” என்று உட்கார்ந்தாள். “இனி சனிக்கெழம லீவு போடலாமுங்.”

வகுப்பு மொத்தமும் ஆமோதித்தது. எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளாமல் பாடத்தை ஆரம்பித்தேன்.

மதியம் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு திங்களில் மூன்று பேர் வராமல் இருந்திருக்கிறார்கள். ஒரு வியாழனில் ஏழு. ஆடி வெள்ளியில் பதினான்கு. வராதவர்களுக்குப் பக்கம் பக்கமாகச் சிவப்பு மைச் சுழிகள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, சனிக்கிழமைக் கட்டங்களில் ஒரு சுழிகூட இல்லை.